கிடந்தது

மூன்று நாள் எழுதினேன்.
யானைக்கு நான்கு பக்கம்:
தந்தத்தின் எடை, வெட்டுவாயின் அகலம்,
தோராய வயது, கருவுற்றிருந்ததா,
கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எங்கே.
மனிதனுக்கு ஒன்றரைப் பக்கம்.
அதிலும் அரைப் பக்கம்
என் தோட்டாக்களின் கணக்கு.

அக்டோபர். சாம்பேசிக் கரையில்
மொப்பானி இலைகள்கூட வெயிலுக்கு
விளிம்பை மட்டும் காட்டி மடிந்துகொள்ளும் மாதம்.
அன்று நிலா இருந்தது.
அதனால்தான் அவர்கள் வந்தார்கள்.
அதனால்தான் எனக்கும் தெரிந்தது.

அவளைக் கிழிகாதி என்போம்.
ஒன்பது வருடமாக எங்கள் ரோந்து வண்டிக்கு
வழிவிட மறுத்தவள்.
முகமில்லாமல் கிடந்தாள்.
கோடரி இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கத்தினேன். சட்டப்படி, ஒருமுறை.
மற்ற இருவரும் ஆற்றுப்பக்கம் ஓடினார்கள்.
இவன் நிமிர்ந்தான்.
கையிலிருந்தது கோடரியா துப்பாக்கியா என்று
நிலாவுக்குத் தெரிந்திருக்கலாம்.
கேட்டுக்கொண்டு நிற்கவில்லை நான்.

'யானை இறந்து கிடந்தது' என்று எழுத வேண்டும்.
அவளை அதுவாக்கப் பேனா தயங்கியது.
அடுத்த படிவத்தில்,
'சடலம் கிடந்தது.'
இங்கே தயங்கவில்லை.
நிமிரும்போது நிமிர்ந்தான்,
விழும்போதும் விழுந்தான்தான்.
விழுந்தபின்
எந்த மூச்சில் உதிர்ந்தது அந்த 'ஆன்'?

கடெரேரே சொன்னான்:
"யானை இருபத்திரண்டு மாதம் சுமக்கும்.
இவனைப் பத்து மாதம்கூடச் சுமந்திருக்க மாட்டாள்."
தானே சிரித்தான்.
பிறகு வண்டிக்குப் பின்னால் போய்
வெகுநேரம் வாந்தியெடுத்தான்.

அடையாள அட்டையில் மூனெட்சி என்றிருந்தது.
என்னைவிட நான்கு வயது சிறியவன்.
டயரில் வெட்டிய செருப்பு ஒன்று,
பழைய தாளில் மடித்த உப்பு.
எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.
போகாதே என்றார் அதிகாரி.
சனிக்கிழமை, வேறு சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.
வெளியே நெருப்பைச் சுற்றி ஆண்கள்.
தாய்வழிச் சொந்தம் என்று நினைத்தார் போல ஒருவர்,
"சும்மா நிற்கிறாயே, காலைப் பிடி" என்று
ஆட்டின் பின்னங்கால்களை என் கையில் கொடுத்தார்.

வெள்ளாடு. ஒரு முட்டியில் பழைய தழும்பு.
கத்தி ஒரே இழுப்பு.
யாரும் எச்சரித்துக் கத்தவில்லை.
யாரும் தேதி குறிக்கவில்லை.
உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு
மணிக்கட்டுவரை ஏறி
அங்கேயே சற்று நின்று
போனது.
அன்றிரவு, எண்பது அடி தூரத்திலிருந்து
எதுவும் ஏறி வரவில்லை என் கைக்கு.

எது பெரிய பாவம் என்று கேட்காதீர்கள்.
பக்கக் கணக்கு வேண்டுமானால் சொல்வேன்:
நான்கு, ஒன்றரை, ஒன்றுமில்லை.
கை சொல்லும் கணக்கு
வேறு வரிசையில் வருகிறது.
அந்த வரிசையையும் நான் நம்பவில்லை.

தட்டோடு வந்தவள் செனாய், அவன் மனைவி.
சோளக்களி, மேலே இரண்டு துண்டு.
"அவருக்கு ஆடு அறுப்பதைப் பார்க்க முடியாது.
கிணற்றுப் பக்கம் போய்விடுவார்.
கறி வெந்த பிறகுதான் திரும்புவார்" என்றாள்
குனிந்தபடி.
வெட்கம் என்று நினைத்தேன்.
பிறகுதான் கவனித்தேன்,
அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் பூட்ஸை.
சட்டையை மாற்றியவன்
அதை மறந்திருந்தேன்.

அவள் நகரவில்லை.
நான் முதல் வாய் எடுக்கும்வரை
நின்றாள்.

சாப்பிட்டேன்.
உப்பு போதவில்லை.
சட்டைப்பையில் அவனுடைய பொட்டலம்
இருந்தது.